விசுவாசத்தைப் பகிர எட்டு வாரப் பயிற்சி: இந்த வரிசை சரிதானா?

கடுகுவிதை (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். சபையில் பன்னிரண்டு பேருக்கு, தங்கள் விசுவாசத்தைப் பற்றி மற்றவர்களிடம் பேசப் பயிற்சி கொடுக்க வேண்டும். வயது இருபதிலிருந்து அறுபது வரை. வாரம் ஒரு மாலை, ஒன்றரை மணி நேரம், மொத்தம் எட்டு வாரம். இப்போதைக்குப் போட்டிருக்கும் வரிசை இது:

வாரம் 1, 2: மனப்பாட வசனங்கள் (ரோமர் 3:23, 6:23, 5:8, 10:9 உட்பட இருபது)
வாரம் 3, 4, 5: எதிர்க்கேள்விகள், அவற்றுக்குப் பதில்கள்
வாரம் 6: சொந்தச் சாட்சி
வாரம் 7: கைப்பிரதி கொடுப்பது
வாரம் 8: வெளியே போய்ச் செய்து பார்ப்பது

இரண்டு சந்தேகம். வரிசை சரியா? அடுத்தது, "என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார், அப்புறம் பயிற்சி எதற்கு?" என்று குழுவிலேயே இருவர் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது?

பழைய குயவன்

இரண்டாவதை முதலில் முடித்துவிடலாம் தம்பி. மத்தேயு 10:19-ஐ அதற்கு முந்தைய இரண்டு வசனங்களோடு சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆலோசனைச் சங்கங்களிடம் ஒப்புக்கொடுக்கப்பட்டு, அதிபதிகள், ராஜாக்கள் முன் நிறுத்தப்படுகிறவர்களுக்குச் சொன்ன ஆறுதல் அது. பிடித்துக்கொண்டு போகும்போது பயப்படாதே என்பது வேறு. கூட வேலை செய்கிறவர் கேட்கப்போகும் கேள்வியை முன்கூட்டி யோசிக்காதே என்பது வேறு. 1 பேதுரு 3:15 எப்போதும் ஆயத்தமாக இருக்கச் சொல்கிறது. அப்போஸ்தலர் 18-ல், வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவையே ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் சேர்த்துக்கொண்டு இன்னும் திருத்தமாக விளக்கிக் கொடுக்கிறார்கள். அவனுக்கே தேவைப்பட்டது.

இனி வரிசை. சுவிசேஷம் என்ன என்பதே உங்கள் பட்டியலில் இல்லை! வசனம் இருக்கிறது, வாதம் இருக்கிறது, பிரதி இருக்கிறது. "சரி, நீங்கள் நம்புவது என்ன?" என்று ஒருவர் நிதானமாகக் கேட்டால், பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் இரண்டு நிமிடத்தில் தடுமாறாமல் சொல்வார்கள்? முதல் மாலையே இதைச் சோதித்துப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும், டைமர் இரண்டு நிமிடம். பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் வழுக்கும். சிலர் ஆதாமில் தொடங்கி ஆபிரகாமுக்கு வருவதற்குள் மணி அடித்துவிடும். சிலர் சிலுவையோடு நின்றுவிடுவார்கள், உயிர்த்தெழுதல் வராது. அப்போஸ்தலர் 2, 10, 13, 17 ஆகிய நான்கு பிரசங்கங்களையும் வாசித்தால், கேட்கிறவர்கள் யூதரானாலும் கிரேக்கரானாலும், தொடக்கம் எங்கே இருந்தாலும், பேச்சு உயிர்த்தெழுதலுக்கு வந்து சேர்வது தெரியும்.

1 கொரிந்தியர் 15:3-5-ஐ எலும்புக்கூடாக வைத்துக்கொள்ளுங்கள்: நமது பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாள் எழுந்தார், தரிசனமானார். இந்த நான்கையும் சொந்த வார்த்தையில் சொல்லத் தெரிந்த பிறகு ரோமர் வசனங்கள் அவரவர் இடத்தில் போய் உட்காரும். இருபது வசனம் வேண்டாம், ஆறு போதும். ஆறுக்கும் முன்பின் பத்து வசனம் வாசித்திருக்க வேண்டும். வசனத்தை மட்டும் பிடுங்கி வைத்திருப்பவர், "இதற்கு அடுத்த வரி என்ன?" என்று கேட்டால் விழிப்பார்.

பயிற்சி தொடங்குவதற்கு 16 நாள் முன்பிருந்து மாற்கு சுவிசேஷம், நாளுக்கு ஓர் அதிகாரம். மொத்தமே 16 அதிகாரம்தான். இயேசுவைப் பற்றிப் பேசப்போகிறவர்கள் ஒரு சுவிசேஷத்தையாவது முழுதாக, ஒரே ஓட்டமாக வாசித்திருக்க வேண்டும் அல்லவா. ஞாயிறு பாடப்பகுதிகளை மட்டும் துண்டு துண்டாகக் கேட்டவர்களுக்கு எந்தச் சம்பவம் எதற்குப் பின் வருகிறது என்பதே பிடிபடாது.

மார்த்தாள்

குயவன் ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன். சாட்சியை ஆறாம் வாரத்துக்குத் தள்ளாதீர்கள். எழுதித் திருத்த அதற்கு மூன்று வாரம் வேண்டும்.

அப்போஸ்தலர் 26-ஐத் திறந்து வைத்துக்கொண்டு கோடு போடச் சொல்லுங்கள். 4 முதல் 11 வரை பவுல் முன்பு எப்படி இருந்தார், 12 முதல் 18 வரை என்ன நடந்தது, 19 முதல் 23 வரை அதன்பின் என்ன செய்தார். முதல் இரண்டு பங்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு, மூன்றாவது சற்றே சிறியது. நம் ஆட்கள் எழுதினால் முதல் பங்கே முக்கால் பக்கத்தைத் தின்றுவிடும். பழைய வாழ்க்கையை ரசித்து ரசித்துச் சொல்வார்கள். மூன்றாம் பங்கு "இப்போது சந்தோஷமாக இருக்கிறேன்" என்று ஒரே வரி. இதுதான் பெரிய கோளாறு. கேட்கிறவருக்கு வேண்டியதே அந்த மூன்றாம் பங்குதான்.

அளவு: கையெழுத்தில் ஒரு பக்கம், வாய்விட்டு வாசித்தால் மூன்று நிமிடம். அது நன்றாக வந்தபின் ஒரு நிமிடத்துக்குச் சுருக்க வேண்டும். அதன்பின் ஒரே வாக்கியம். யோவான் 9:25-ல் பார்வை பெற்றவன் சொல்வது ஒரே வாக்கியம்தான்: குருடனாயிருந்தேன், இப்போது காண்கிறேன். இறையியல் கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, தெரிந்ததில் மட்டும் உறுதியாக நிற்கிறான்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் வரைவில் பலர் எழுதுவது இப்படி இருக்கும்: "பாவச் சேற்றில் உழன்றுகொண்டிருந்த என்னைக் கர்த்தர் தொட்டு, இரட்சிப்பின் சந்தோஷத்தால் நிரப்பி, அவருடைய பாரத்தை எனக்குள் வைத்தார்." சபைக்கு வெளியே இருப்பவருக்கு இதில் கையில் பிடிக்க ஒன்றுமே இல்லை. என்ன சேறு? எப்படித் தொட்டார்? திருத்தினால்: "கோபம் வந்தால் வீட்டில் மூன்று நாள் யாரோடும் பேசமாட்டேன். மன்னிப்புக் கேட்டால் தோற்றுவிட்டோம் என்று நினைப்பு. இயேசு என்னை மன்னித்திருக்கிறார் என்று நம்பத் தொடங்கிய பிறகு, முதல் ஆளாகப் போய்ப் பேச முடிகிறது. எல்லா நாளும் இல்லை." கடைசி மூன்று சொல்லை வெட்டிவிடாதீர்கள். எல்லாமே சரியாகிவிட்டது என்று முடியும் சாட்சியை யாரும் நம்புவதில்லை, நம்பவும் கூடாது.

பிறவியிலேயே சபையில் வளர்ந்தவர்கள் "சொல்ல எனக்கு ஒன்றுமில்லையே" என்பார்கள். அவர்களுக்கு 2 தீமோத்தேயு 1:5. தீமோத்தேயுவின் விசுவாசம் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்து வந்தது. மின்னல் அடித்த நாள் இல்லாவிட்டால் என்ன? "ஏன் இன்னும் நம்புகிறேன்" என்று எழுதச் சொல்லுங்கள். இழுத்துப் பிடித்து நாடகம் சேர்க்க விடாதீர்கள்.

இன்னொன்று. கணவரின் குடி, மகளின் நோய் என்று அடுத்தவர் விஷயம் சாட்சிக்குள் வந்தால், அவர்களிடம் கேட்காமல் சொல்லக் கூடாது. கேட்கிறவருடைய மதத்தை இழித்துப் பேசும் ஒரு வரிகூட வேண்டாம்.

வெளியிலிருந்து

நான் கிறிஸ்தவன் அல்ல, இந்தக் களத்தில் வாசிப்பதோடு சரி. அனுமதி இருந்தால், கேட்கிற பக்கத்திலிருந்து சிலது.

மனப்பாடம் செய்துகொண்டு வந்தவரை அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். மூச்சு விடமாட்டார். அவர் கேட்கும் கேள்விக்கு ஒரே பதில்தான் இருக்க முடியும்: "நீங்கள் எப்போதாவது பொய் சொல்லியிருக்கிறீர்களா?" ஆமாம் என்றதும் அடுத்த படிக்கு இழுத்துப் போவார். "இன்றிரவு இறந்தால் எங்கே போவீர்கள்?" என்பது இன்னும் மோசம். முன்பின் பழக்கமில்லாதவர் கேட்டால் மிரட்டல் மாதிரிதான் காதில் விழும்.

அடுத்தது, கேட்டதற்குப் பதில் வராது. துன்பத்தைப் பற்றிக் கேட்டால் நரகத்தைப் பற்றிப் பேசுவார்கள். அனுமதி கேட்காமல் தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். தொலைபேசி எண் ஒருமுறை கைக்குப் போய்விட்டால் தினமும் காலையில் படத்தோடு வசனம்.

ஒருவர் தன் நம்பிக்கையைப் பற்றிச் சொல்வதில் எனக்கு மறுப்பே இல்லை. "இதைப் பற்றிச் சொல்லட்டுமா, இல்லை இன்னொரு நாள் பேசலாமா?" என்று கேட்டுவிட்டுச் சொல்கிறவரைக் கேட்கவும் தோன்றும். ஆனால் "இன்னொரு நாள்" என்று நான் சொன்னால், பேச்சு நிஜமாகவே அங்கே நிற்க வேண்டும்.

மார்த்தாள்

நன்றி நண்பரே. கடுகுவிதை தம்பி, இந்தப் பதிவை அப்படியே அச்சடித்துப் பயிற்சியில் வாசியுங்கள்.

இதற்கு ஒரு மாலை முழுவதும் கேட்கும் பயிற்சி தேவை. இருவர் இருவராக உட்கார வேண்டும். ஒருவர் நான்கு நிமிடம் பேசுவார். தலைப்பு எதுவாகவும் இருக்கலாம், மதமாக இருக்கத் தேவையில்லை. மற்றவர் வாய் திறக்கக் கூடாது. நான்கு நிமிடம் முடிந்ததும் கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். பேசியவர் "ஆமாம், அதுதான்" என்று சொல்லும்வரை திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்.

எங்கே கெடும் என்றால், திருப்பிச் சொல்லும்போது கடைசியில் "ஆனால்" ஒட்டிக்கொள்ளும். "உங்களுக்கு அலுப்பாக இருக்கிறது என்கிறீர்கள், ஆனால்..." அந்த "ஆனால்" வந்தவுடன் நிறுத்தி மறுபடி செய்யச் சொல்லுங்கள். இரண்டாவது ஆபத்து, ஆலோசனை. மூன்றாவது, "எனக்கும் இப்படித்தான்" என்று பேச்சைத் தன் பக்கம் திருப்புவது.

கேள்விக்கு மாதிரி வேண்டுமானால் பிலிப்பு. எத்தியோப்பிய மந்திரியிடம் அவன் முதலில் கேட்பது, வாசிக்கிறது விளங்குகிறதா என்று. அவர் ஏறி உட்காரச் சொன்ன பிறகுதான் ரதத்தில் ஏறுகிறான். அவர் கையில் இருந்த ஏசாயா பகுதியிலேயே தொடங்குகிறான், தன் பையில் இருந்ததில் அல்ல (அப்போஸ்தலர் 8:30-35). யோவான் 4-ல் ஆண்டவர் தண்ணீர் கேட்கிறார். கொடுக்கிறவராக வராமல் கேட்கிறவராக வருகிறார்.

நடுவீதி

எதிர்க்கேள்விக்கு மூன்று வாரம் வேண்டாம். ஒரு வாரமாவது கட்டாயம் வேண்டும். அதில் பாதி நேரம் நம் பக்கத்துக் குப்பையைக் கூட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் "ஆதாரங்களை" நம்பி ஒருவர் வாதத்துக்குப் போனால், எதிரே இருப்பவர் கைபேசியில் தேடிப் பத்து விநாடியில் உடைத்துவிடுவார். அதோடு நீங்கள் சொன்ன உண்மையும் சேர்ந்து போகும்.

இவற்றைச் சொல்லவே கூடாது:

டார்வின் மரணப்படுக்கையில் மனந்திரும்பினார் என்பது. அவர் இறந்தது 1882. இந்தக் கதை அச்சில் வந்தது 1915. அவருடைய மகளே மறுத்திருக்கிறார்.

யோசுவாவின் காணாமல்போன நாளை நாசா கணினி கண்டுபிடித்தது என்பது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை. இதே கதையின் மூத்த வடிவம் நாசா பிறப்பதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டிலேயே உலாவியது.

"பயப்படாதே" வேதத்தில் சரியாக 365 முறை வருகிறது, நாளுக்கு ஒன்று என்பது. எண்ணிப் பார்த்தால் அந்தக் கணக்கு வராது.

ஊசியின் காது என்பது எருசலேமில் இருந்த சின்ன வாசல், ஒட்டகம் மண்டியிட்டு நுழையும் என்பது. அப்படியொரு வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை. போதாததற்கு, ஆண்டவர் சொன்னதன் கூர்மையையும் இது மழுக்கிவிடுகிறது.

இனி தைரியமாகச் சொல்லக்கூடியவை. இயேசு என்று ஒருவர் இருந்தாரா என்று கேட்டால் டாசிட்டஸ் போதும். 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய ரோம வரலாற்றாசிரியர், கிறிஸ்தவர்கள் மேல் அனுதாபம் துளியும் இல்லாதவர். திபேரியுவின் ஆட்சியில் பொந்தியு பிலாத்துவால் கிறிஸ்து கொல்லப்பட்டதைக் குறிப்பிடுகிறார். யூத வரலாற்றாசிரியர் யோசேப்புவை எடுத்தால் கவனம்: 18-ஆம் புத்தகத்தில் உள்ள பகுதியில் பிற்காலக் கிறிஸ்தவக் கை பட்டிருக்கிறது என்று பெரும்பாலான அறிஞர்கள் கருதுகிறார்கள். 20-ஆம் புத்தகத்தில், கிறிஸ்து எனப்பட்ட இயேசுவின் சகோதரன் யாக்கோபு என்று வரும் குறிப்புக்கு அவ்வளவு சிக்கல் இல்லை. இந்தச் சான்றுகள் அவர் வாழ்ந்தார், கொல்லப்பட்டார் என்பதோடு நின்றுவிடும். உயிர்த்தெழுதலை நிரூபிக்கும் என்று நீட்டாதீர்கள்.

"பைபிளை மாற்றிவிட்டார்கள்" என்பதற்கு "ஒரு எழுத்துகூட மாறவில்லை" என்று பதில் சொல்வது தவறு. கையெழுத்துப் பிரதிகளுக்கிடையே வேறுபாடுகள் உண்டு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்டிகஸ், வத்திக்கானஸ் இரண்டு பிரதிகளிலும் மாற்கு 16:9-20 இல்லை. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் பகுதியும் (யோவான் 7:53-8:11) இல்லை. பல மொழிபெயர்ப்புகள் இதை அடிக்குறிப்பில் போட்டிருக்கின்றன. பிரதிகள் நிறைய இருப்பதால்தான் வேறுபாடு எங்கே என்று கண்டுபிடிக்க முடிகிறது. ஒளிக்கவில்லை, அச்சிலேயே போட்டிருக்கிறோம் என்று காட்டுங்கள். அதைவிட நல்ல பதில் கிடையாது.

தெரியாத கேள்வி வந்தால்: "எனக்குத் தெரியவில்லை. குறித்துக்கொள்கிறேன், வியாழக்கிழமைக்குள் சொல்கிறேன்." நாளைச் சொல்ல வேண்டும். சொன்ன நாளில் பதிலோடு போக வேண்டும், பதில் கிடைக்காவிட்டாலும் போக வேண்டும். "பிறகு பார்க்கலாம்" என்றால் நழுவுவதாக அர்த்தம்.

துன்பத்தைப் பற்றிய கேள்வி தனி ரகம். "நல்ல கடவுள் இருந்தால் ஏன் இப்படி?" என்று கேட்கிறவர் தத்துவம் பேசுகிறாரா, சமீபத்தில் யாரையாவது இழந்தவரா என்று தெரியாமல் வாயைத் திறக்காதீர்கள். "இதைக் கேட்க வைத்தது எது என்று சொல்வீர்களா?" என்று கேட்டாலே விளங்கிவிடும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தது நன்றாக இருந்தது. விளக்கம் சொல்லப் போய்த்தான் 42:7-ல் திட்டு வாங்கினார்கள்.

எக்காளம்

எல்லாம் சரி, ஆனால் எட்டு வாரம் உட்கார்ந்து கேட்கக் கற்றுக்கொள்வதற்குள் எத்தனை பேர் கேட்காமலே போய்விடுவார்கள்? பவுல் அத்தேனேயில் தினமும் சந்தைவெளியில் எதிர்ப்பட்டவர்களோடு பேசினான் (அப்போஸ்தலர் 17:17). கைப்பிரதி வாசித்து வந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு. தெருவில் நின்று சொல்வதை இந்த இழையில் ஏளனம் மாதிரிப் பேசுகிறீர்கள்.

பழைய குயவன்

ஏளனம் இல்லை சகோதரரே. நீங்கள் காட்டிய அதே அதிகாரத்தில் பவுல் பேசுவதற்கு முன் ஊரைச் சுற்றிப் பார்த்திருக்கிறான், பலிபீடத்தின் மேல் எழுதியிருந்ததை வாசித்திருக்கிறான், அவர்களுடைய கவிஞர்களின் வரி தெரிந்திருக்கிறது. அவ்வளவு செய்தும் முடிவு என்ன? சிலர் கேலி செய்தார்கள், சிலர் இன்னொரு முறை கேட்போம் என்றார்கள், சிலர் விசுவாசித்தார்கள். மூன்றையும் எதிர்பார்த்துப் போகப் பயிற்றுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் கேலியிலேயே பாதிப்பேர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கைப்பிரதியை விடச் சொல்லவில்லை, ஒழுங்காகச் செய்யச் சொல்கிறேன். கொடுக்கிறவர் முதலில் அதை முழுதாக வாசித்திருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொடுப்பவர்களே அதிகம். அதில் வேறு மதத்தைத் தாழ்த்தும் வரி இருந்தால் ஒதுக்கிவிடுங்கள். பின்பக்கத்தில் இருக்கும் எண்ணை அழைத்துப் பாருங்கள், யாராவது எடுக்கிறார்களா என்று. கையில் திணிக்காமல் நீட்டுங்கள், வேண்டாம் என்றால் புன்னகையோடு மடக்கிக்கொள்ளுங்கள். வண்டிக் கண்ணாடியில் செருகுவது, கோவில், மசூதி வாசலில் நின்று கொடுப்பது கூடாது. முடியும்போது தெருவைத் திரும்பிப் பார்த்து, கீழே கிடப்பதைப் பொறுக்குங்கள். வெளி இடத்தில் பேசுவதானால் முன்அனுமதி, இருவர் இருவராக (மாற்கு 6:7), ஒருவருக்கு ஐந்து நிமிடம், ஒரே வேதப்பகுதி. ஒலிபெருக்கி வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், நீங்கள் மறுக்கலாம்.

எக்காளம்

ஒலிபெருக்கியில் மறுக்கிறேன். மற்றதற்கு மறுப்பில்லை. நீங்கள் பயிற்சிக்கு மட்டும் நேரம் குறிக்கிறீர்கள், போவதற்கு இல்லை. அதுதான் என் கவலை. எட்டாம் வாரம் வரைக்கும் ஒருவரிடமும் பேசாமல் இருப்பவர் ஒன்பதாம் வாரத்திலும் பேசமாட்டார்.

மார்த்தாள்

அது நியாயமான பேச்சு. இரண்டாம் வாரத்திலிருந்தே வாரத்துக்கு ஓர் உரையாடல் வீட்டுப்பாடமாக இருக்கட்டும். முதலில் கேட்பது மட்டும்: தெரிந்த ஒருவரிடம், "நீங்கள் எதை நம்புகிறீர்கள், அது உங்களுக்கு எப்படி உதவுகிறது?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் நன்றி சொல்லி வர வேண்டும். கை அரிக்கும், பரவாயில்லை.

மெழுகுவத்தி

கத்தோலிக்கத் தரப்பிலிருந்து ஒரு வார்த்தை. மறைக்கல்வி கொடுப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் எல்லாம் பழையது. கி.பி. 400 வாக்கில் கார்த்தேஜ் திருத்தொண்டர் தேயோகிராசியாஸ், தன் பேச்சு தனக்கே அலுப்பாக இருக்கிறது என்று புனித அகுஸ்தீனாருக்கு எழுதினார். அவர் பதிலாக ஒரு சிறு நூலே எழுதிவிட்டார். அதில் உள்ளது முழுக்க நடைமுறை: வந்தவர் எந்த நோக்கத்தோடு வந்தார் என்று முதலில் விசாரி, படித்தவராக இருந்தால் தெரிந்ததையே திருப்பிச் சொல்லி அறுக்காதே, நின்று களைத்தவருக்கு உட்கார இடம் கொடு, சோர்வு தெரிந்தால் பேச்சை மாற்று. கடைசியில் மாதிரி உரை இரண்டு, ஒன்று நீளமானது, ஒன்று சுருக்கம். என் பேச்சும் எனக்குப் பெரும்பாலும் திருப்தி தருவதில்லை என்று அவரே சொல்கிறார். உங்கள் குழுவில் பயப்படுகிறவர்களுக்கு அது ஆறுதலாக இருக்கும்.

இன்னொன்று, அவசரம் வேண்டாம். வயது வந்தோர் திருமுழுக்குக்கு ஆயத்தமாக 1972-ல் புதுப்பித்த சடங்குமுறையில், விசாரிக்கும் காலம் என்றே முதலில் ஒரு கட்டம் இருக்கிறது. கேள்வி கேட்பது, பழகுவது, சேர்ந்து நற்செய்தி வாசிப்பது. பகிர்கிறவர் இதற்கும் ஆயத்தமாக வேண்டும். ஒருவர் "சரி, மேலே தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வீர்கள்? பலரிடம் இதற்குப் பதில் இருக்காது. "ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்" என்பது மட்டும் போதாது. நானாக இருந்தால் மாற்கு நற்செய்தியை வாரம் ஒரு பகுதியாக இருவரும் சேர்ந்து வாசிக்க அழைப்பேன். மூன்றே கேள்வி: இயேசுவைப் பற்றி இங்கே என்ன தெரிகிறது, உங்களுக்கு எது இடறுகிறது, இது உண்மையானால் என்ன மாறும்? முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது.

தராசு (மட்டுறுத்துநர்)

யாரும் இன்னும் தொடாத ஒன்று. எதைச் செய்யக் கூடாது என்பதற்கும் ஒரு மாலையில் பாதி ஒதுக்குங்கள். 2011-ல் உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவை, உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து கிறிஸ்தவச் சாட்சிக்கான நடத்தைப் பரிந்துரைகளை வெளியிட்டன. இந்த மூன்றும் ஒரே தாளில் கையெழுத்துப் போடுவது அபூர்வம். ஏமாற்று, கட்டாயம், வறுமையையும் தேவையையும் பயன்படுத்தி ஆள் பிடிப்பது, இவற்றை வெளிப்படையாகத் தள்ளுகிறது. மதம் மாறுவது பெரிய தீர்மானம், யோசிக்கவும் ஆயத்தப்படவும் போதிய நேரம் வேண்டும், முழுச் சுதந்திரம் வேண்டும் என்கிறது.

பயிற்சியில் இதை எப்படிச் சொல்வது? உதவிப்பொருள் கொடுக்கும் அதே கையால் பிரதி கொடுக்காதீர்கள். உதவி அதன்பாட்டில் போகட்டும். உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர், உங்களிடம் கடன்பட்டவர், உங்கள் மாணவர், இவர்கள் "வேண்டாம்" என்று சொல்லத் தயங்குவார்கள். அவர்களாகக் கேட்டால் ஒழியத் தொடங்க வேண்டாம். பெற்றோருக்குத் தெரியாமல் சிறுவர்களிடம் பேசக் கூடாது. படுக்கையில் இருக்கும் நோயாளி எழுந்து போக முடியாதவர்; ஜெபிக்கலாமா என்று கேளுங்கள், வேண்டாம் என்றால் நலம் விசாரித்துவிட்டு வாருங்கள். ஜெபித்த பிறகு மருந்தை நிறுத்தச் சொல்வது கொலைபாதகம். சுகம் கிடைக்கும் என்று தேதி போடாதீர்கள்.

ஜெபக்குறிப்பு வாட்ஸ்அப் குழுவில் "இன்னாருடன் பேசினேன், குடும்பத்தில் இன்ன பிரச்சினை" என்று பெயரோடு போடுவது பரவலாக நடக்கிறது. அந்தச் செய்தி சுற்றிச் சுற்றி அவர் வீட்டுக்கே போகும். சில குடும்பங்களில் அது ஆபத்து. பெயர் இல்லாமல், விவரம் இல்லாமல் ஜெபிக்கலாம், கடவுளுக்கு முகவரி தெரியும். மதம் பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு, சில இடங்களில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உங்கள் இடத்துச் சட்டத்தை அறிந்த ஒருவரிடம் ஒரு முறை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வெளியிலிருந்து

இந்தப் பதிவை எதிர்பார்க்கவில்லை. ஒரு கேள்வி: நான் கடைசிவரை நம்பாமலே இருந்தால் நட்பு என்னவாகும்?

மார்த்தாள்

நட்பு அப்படியே இருக்க வேண்டும். ஆறு மாதம் பழகி, "இவர் வரமாட்டார்" என்று தெரிந்ததும் அழைப்பை நிறுத்துகிறவர் முதலிலிருந்தே நண்பராக இருக்கவில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இந்தக் கேள்வியையே எழுதிக் கொடுத்துப் பதில் வாங்கலாம் போலிருக்கிறது.

கடுகுவிதை

எல்லோருக்கும் நன்றி. இழையை வைத்து மாற்றியது இது:

தொடங்குவதற்கு 16 நாள் முன்: மாற்கு, நாளுக்கு ஓர் அதிகாரம்.
1: இரண்டு நிமிடச் சோதனை, 1 கொரி. 15:3-5, அப்போஸ்தலர் பிரசங்கங்கள் நான்கு. சாட்சியின் முதல் வரைவு வீட்டுக்கு.
2: கேட்கும் பயிற்சி. இன்றிலிருந்து வாரம் ஓர் உரையாடல்.
3: சாட்சித் திருத்தம், சிவப்பு மைப் பேனாவோடு. ஆறு வசனங்கள், முன்பின் பகுதியோடு.
4: சாட்சி மூன்று நிமிடம், ஒரு நிமிடம், ஒரு வாக்கியம்.
5: எதிர்க்கேள்விகள், முதல் பாதி நாம் சொல்லக் கூடாதவை.
6: செய்யக் கூடாதவை. பிற்பாதி, சேர்ந்து வாசிப்பது எப்படி.
7: மூவர் மூவராக முழு ஒத்திகை.
8: வெளியே, இருவர் இருவராக. திரும்பி வந்து பேசுவது.

ஏழாம் வார ஒத்திகையை எப்படி நடத்துவது என்று யாராவது சொன்னால் முடித்துவிடுவேன். ஜெபத்துக்குத் தனி வாரம் வைக்கவில்லை, அது குறையா?

பழைய குயவன்

தனி வாரம் வேண்டாம், ஒவ்வொரு மாலையும் முதல் பத்து நிமிடம் வையுங்கள். ஆளுக்கு மூன்று பெயர், அதற்கு மேல் வேண்டாம். பட்டியல் நீண்டால் ஜெபம் வருகைப்பதிவு ஆகிவிடும். கொலோசெயர் 4:3-4-ல் பவுல் கேட்பது இரண்டு: வாசல் திறக்க வேண்டும், பேச வேண்டியபடி தெளிவாகப் பேச வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் அந்த இரண்டையும் கேட்டால் போதும்.

ஒத்திகை: பன்னிரண்டு பேர் என்றால் நான்கு மூவர். ஒருவர் பேசுவார், ஒருவர் கேட்பார், ஒருவர் கவனிப்பார். ஐந்து நிமிட உரையாடல், கேட்டவர் இரண்டு நிமிடம், கவனித்தவர் மூன்று நிமிடம் கருத்துச் சொல்வார்கள். பிறகு இடம் மாறுங்கள். மூன்று சுற்றுக்கு முப்பது நிமிடம், இரண்டு முறை ஓட்டினால் ஒரு மணி நேரம். கவனிப்பவர் கையில் ஒரு தாள்: யார் அதிகம் பேசினார், பேசியவர் எத்தனை கேள்வி கேட்டார், விளங்காத சபைச் சொல் எது. கேட்பவராக நடிப்பவருக்குச் சீட்டு எழுதிக் கொடுங்கள்: "உங்களுக்கு நேரம் இல்லை", "உங்கள் தாயார் சென்ற மாதம் இறந்தார்", "உங்களுக்கு இதில் உண்மையான ஆர்வம்". சும்மா விட்டால் எல்லோரும் கோபக்கார நாத்திகராகவே நடிப்பார்கள், நிஜத்தில் அப்படி ஆட்கள் குறைவு.

நடுவீதி

சீட்டுகளில் ஒன்றில் "உங்களுக்கு அவரைவிட வேதம் நன்றாகத் தெரியும்" என்று எழுதுங்கள். பெரும்பாலானவர்கள் திணறுவது அங்கேதான்.

கடுகுவிதை

எழுதிக்கொண்டேன். எட்டாம் வாரம் முடிந்து எத்தனை பேரிடம் பேசினார்கள் என்று கணக்கு வாங்கலாமா?

மார்த்தாள்

எண்ணிக்கை வேண்டாம், கூட்டிச் சொல்வார்கள். யாரிடம் என்ன கேள்வி வந்தது, எதற்குப் பதில் தெரியவில்லை என்று மட்டும் கேளுங்கள். அடுத்த குழுவுக்கு ஐந்தாம் வாரப் பாடம் அதிலேயே கிடைத்துவிடும்.